காத்திருப்பின் விலை

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரு வெப் சர்வர் தன்னிடம் வந்து குவியும் கோரிக்கைகளை எப்படிக் கையாள்கிறது என்பது. குறிப்பாக, ஒரு கோரிக்கைக்குப் பதில் தயாராகும்வரை அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிராமல், அடுத்ததைக் கவனிக்கப் போய்விடும் முறை. ஈவென்ட் லூப் என்றும் ஏசிங்க் என்றும் அதன் பெயர்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும். கூடவே, "அது வேகமானது" என்ற பேச்சும் விழுந்திருக்கும். அந்தப் பேச்சைத்தான் இன்று உரசிப் பார்க்கப் போகிறோம். இந்த முறை எந்த வேலையையும் வேகப்படுத்துவதில்லை. அது காத்திருப்பை மலிவாக்குகிறது. அவ்வளவுதான் அது செய்வது. ஆனால் அது பெரிய காரியம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காத்திருப்பின் விலை ஒருபோதும் காணாமல் போவதில்லை. ஒருவர் தலையிலிருந்து இறங்கி இன்னொருவர் தலையில் ஏறுகிறது. இப்போது அது யார் தலையில் இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல சர்வரைக் கட்டுகிறார். இதுதான் என் வாதம்.

முதலில் ஓர் எளிய கேள்வி. ஒரு வெப் சர்வர் நாளெல்லாம் என்ன செய்கிறது? கணக்குப் போடுகிறது என்பீர்கள். கொஞ்சம் போடுகிறதுதான். ஆனால் பெரும்பாலான நேரம் அது காத்திருக்கிறது. ஒருவர் தம் கைபேசியிலிருந்து ஒரு பக்கத்தைக் கேட்கிறார். அந்தக் கோரிக்கை முழுதாக வந்து சேரும்வரை காத்திருப்பு. டேட்டாபேஸுக்கு ஒரு கேள்வி அனுப்பி, விடை வரும்வரை காத்திருப்பு. பணம் செலுத்தும் இன்னொரு நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு, அது தலையசைக்கும்வரை காத்திருப்பு. கடைசியில், மெதுவான இணைப்பில் இருக்கும் அந்தக் கைபேசி நாம் அனுப்பும் பதிலைச் சிறிது சிறிதாக வாங்கி முடிக்கும்வரை காத்திருப்பு. இவை எவ்வளவு நீளமானவை? மெமரியிலிருந்து ஒரு தகவலை எடுக்கப் பிராசஸருக்கு ஏறத்தாழ 100 நானோ வினாடி பிடிக்கிறது. சுழலும் வன்தட்டில் ஓர் இடத்தைத் தேடிப் போக 10 மில்லி வினாடி அளவில் ஆகிறது. கலிபோர்னியாவிலிருந்து நெதர்லாந்துக்குப் போய்த் திரும்ப ஒரு தரவுப் பொட்டலத்துக்கு 150 மில்லி வினாடி வேண்டும். எல்லாமே கண் இமைக்கும் நேரம் என்று நமக்குத் தோன்றும். பிராசஸரின் கண்ணால் பாருங்கள். ஒரு நானோ வினாடியை ஒரு வினாடியாக நீட்டினால், மெமரிக்குப் போய்வர ஒரு நிமிடம் நாற்பது வினாடி. வன்தட்டுக்கு ஏறத்தாழ நான்கு மாதம். கடல் கடந்து போய்வர நான்கே முக்கால் ஆண்டு. நான்கே முக்கால் ஆண்டு ஒருவர் கை கட்டி நிற்க வேண்டுமானால், அந்த நிற்றலுக்கு ஒரு விலை உண்டல்லவா? அதை யார் கொடுப்பது?

பழைய சர்வர்கள் இந்தக் கேள்விக்கு நேரடியான ஒரு விடை வைத்திருந்தன. ஓர் இணைப்பு வந்தால் அதற்கென்று ஒரு பிராசஸை அல்லது ஒரு த்ரெட்டை ஒதுக்கிவிடு. அது அந்த இணைப்போடு தொடங்கட்டும், அந்த இணைப்போடு முடியட்டும். 1995-இல் வெளிவந்து இணைய உலகை ஆண்ட அப்பாச்சி சர்வர் பிராசஸ்களை முன்கூட்டியே உருவாக்கி வரிசையில் நிறுத்தியது இந்த வழியில்தான். இதில் ஓர் அழகு இருக்கிறது. அதை நாம் மறைக்க வேண்டாம். நிரல் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாகப் படிக்கக் கிடைக்கும். படி, தேடு, எழுது, முடி. ஒரு பிராசஸ் விழுந்தால் மற்றவை விழாது. ஆனால் விலை? விலையை மெமரி கொடுத்தது. லினக்ஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டேக்குக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் முகவரி இடம் 8 எம்பி. அத்தனையும் உண்மையான மெமரியாகச் செலவாவதில்லை என்பது சரியே. ஆனாலும் அந்தக் காலத்து 32 பிட் கணினியின் மொத்த முகவரி இடமே 4 ஜிபிதான். வகுத்துப் பாருங்கள். வேறு எதற்கும் இடமே வைக்காவிட்டாலும், ஒரே பிராசஸுக்குள் அந்த அளவில் 512 த்ரெட்டுகளுக்கு மேல் நிற்க முடியாது. போதாக்குறைக்கு ஒரு த்ரெட்டை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் கர்னலுக்கு வேலை. காத்திருப்பவர் எதுவும் செய்யவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு வாடகை ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில்தான் 1999-இல் டான் கேகல் என்ற நிரலாளர் ஒரு கேள்வியைப் பொதுவில் வைத்தார். ஒரே சர்வர் ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேரைக் கவனிக்க வேண்டும், எப்படி? சி10கே சிக்கல் என்று அது பெயர் பெற்றது. பின்னாளில் அவர் புதுப்பித்து வைத்த கணக்கைக் கேளுங்கள். 1000 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 2 ஜிபி மெமரி, வினாடிக்கு 1000 மெகாபிட் அனுப்பும் நெட்வொர்க் அட்டை. இந்தக் கணினியை இருபதாயிரம் பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 50 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோபைட் மெமரி, வினாடிக்கு 50 கிலோபிட் கிடைக்கும். வினாடிக்கு ஒருமுறை நான்கு கிலோபைட்டை எடுத்து அனுப்ப இதற்கு மேல் என்ன வேண்டும்? வன்பொருள் தயாராக இருக்கிறது. பிறகு ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வியின் கூர்மையைக் கவனியுங்கள். வேலைக்குப் போதுமான வலிமை இருக்கிறது என்று அது காட்டிவிட்டது. அப்படியானால் வலிமையைத் தின்பது வேலை அல்ல. காத்திருப்பைப் பராமரிக்கும் முறைதான் தின்கிறது.

சரி, ஆளுக்கொரு த்ரெட் வேண்டாம், ஒருவரே எல்லா இணைப்புகளையும் பார்க்கட்டும் என்றால் அதற்கும் வழி இருந்தது. 1983-இல் 4.2பிஎஸ்டி இயக்க முறைமையோடு வந்த செலக்ட் என்ற அழைப்பு அதைத்தான் செய்தது. இணைப்புகளின் பட்டியலைக் கர்னலிடம் நீட்டி, இவற்றில் எது தயார் என்று கேட்கலாம். குறை எங்கே? ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் நீட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் கர்னல் அதை முதலிலிருந்து முடிவுவரை தடவிப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் இணைப்புகளில் இருபது மட்டுமே தயார் என்றாலும் பத்தாயிரத்தையும் தொட்டாக வேண்டும். 2000-இல் ஃப்ரீபிஎஸ்டியில் கேக்யூ வந்தது. 2002-இல் லினக்ஸ் வளர்ச்சிப் பதிப்பில் ஈபோல் வந்தது. இவை கேள்வியின் திசையையே திருப்பின. எனக்கு இன்னின்ன இணைப்புகள் முக்கியம் என்று ஒருமுறை பதிந்துவைத்தால் போதும். எவை தயாரோ அவற்றின் பெயரை மட்டும் கர்னல் கொடுக்கும். பட்டியல் எவ்வளவு நீளம் என்பது இனிப் பெரிய பொருட்டில்லை. எத்தனை பேருக்கு இப்போது வேலை இருக்கிறது என்பதே பொருட்டு.

நம் ஊர் விசைத்தறிக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். தறிக்கு ஒருவர் நிற்பதில்லை. ஒருவரே பல தறிகளைப் பார்க்கிறார். தறி தன் போக்கில் ஓடுகிறது. எந்தத் தறியில் தார் தீர்ந்ததோ, எந்தத் தறியில் பாவு நூல் அறுந்ததோ, அங்கே மட்டும் அவர் போகிறார்; சரிசெய்கிறார்; அடுத்ததற்கு நகர்கிறார். ஈவென்ட் லூப் என்பது இதுதான். தயாரான இணைப்பை எடு, அதற்கான சிறு வேலையைச் செய், மீண்டும் காத்திருக்க வேண்டிய இடம் வந்ததும் விட்டுவிட்டு அடுத்ததைப் பார். இந்த ஏற்பாட்டில் தறிக்காரர் கட்டாயம் காக்க வேண்டிய ஒழுக்கம் ஒன்று உண்டு. ஒரு தறியின் சிக்கலை அவிழ்க்க அரைமணி நேரம் அங்கேயே அவர் உட்கார்ந்துவிட்டால், மற்ற தறிகள் நின்றால் கேட்க நாதியில்லை. இதை மனத்தில் வையுங்கள், விரைவில் தேவைப்படும்.

மெமரியின் தலையிலிருந்து விலை இறங்கியது என்பதற்குச் சான்று என்ன? ரஷ்யாவின் ராம்ப்ளர் இணையதளத்தில் பணிபுரிந்த ஈகோர் சிசோயெவ் 2002-இல் எழுதத் தொடங்கி 2004-இல் பொதுவில் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் சர்வர்தான் சான்று. அதில் பிராசஸர் கோர் ஒன்றுக்கு ஒரு பிராசஸ் என்ற அளவில் சிலவே இயங்கும். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்க்கும். சும்மா திறந்திருக்கும் பத்தாயிரம் இணைப்புகளுக்கு ஏறத்தாழ 2.5 எம்பி மெமரி போதும் என்று அதன் அதிகாரப்பூர்வ விளக்கம் சொல்கிறது. ஓர் இணைப்புக்கு ஏறத்தாழ 250 பைட்! இரண்டாவது சான்று, தாக்குதல் வடிவில் வந்தது. 2009-இல் வெளியான ஸ்லோலோரிஸ் என்ற கருவி, கோரிக்கையின் தலைப்பு வரிகளை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, முடிக்காமலே அனுப்பிக்கொண்டிருக்கும். வெள்ளம்போல் எதையும் அது அனுப்பவில்லை. வெறுமனே காக்க வைத்தது. இணைப்புக்கு ஒருவரை ஒதுக்கிய சர்வர்களில் எல்லோரும் இந்த முடியாத கோரிக்கைகளின் வாசலில் மாட்டிக்கொள்ள, உண்மையான பயனருக்கு ஆளில்லை. ஈவென்ட் முறையில் அமைந்த சர்வர்கள் அதை எளிதில் தாங்கின. ஒரு சாதாரணக் கணினியே பெரிய தளத்தை முடக்க முடிந்தது என்றால், அங்கே காத்திருப்பு எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் வெற்றி முழுமையா? இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. அது வலுவான மறுப்பு. மெமரி தப்பித்தது, நிரலாளர் மாட்டிக்கொண்டார் என்கிறார்கள். 2009-இல் ரயன் டால் பெர்லினில் அறிமுகப்படுத்திய நோட்.ஜேஎஸ், ஈவென்ட் லூப்பைச் சாதாரண நிரலாளரின் கைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதில் நிரல் ஒரே ஓட்டமாக ஓடாது. விடை வந்ததும் இதைச் செய், அதன் விடை வந்ததும் அதைச் செய் என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கால்பேக்குகள் வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும். பிழை எங்கே கிளம்பியது, யார் பிடிப்பது என்று தெரியாது. இதை முன்கூட்டியே சொன்னவர்கள் உண்டு. 2003-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ராப் வான் பெரன், ஜெரமி காண்டிட், எரிக் ப்ரூவர் மூவரும், பேரளவுச் சர்வர்களுக்கு ஈவென்ட் முறை தவறான யோசனை என்றே தலைப்பிட்டு ஓர் ஆய்வுரை எழுதினார்கள். த்ரெட் என்ற எண்ணத்தில் குறையில்லை, அதைக் கட்டிய விதத்தில்தான் குறை என்பது அவர்கள் வாதம். வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. ஒரு லட்சம் த்ரெட்டுகள்வரை தாங்கும் கப்ரிச்சியோ என்ற தொகுப்பையும் அந்தக் குழு கட்டிக் காட்டியது. அதற்கும் வெகுமுன்பே, 1978-இல், லாவர், நீடம் என்ற இருவர், இந்த இரண்டு பாணிகளும் ஒன்றுக்கொன்று நிகரான இரட்டையர் என்று வாதிட்டிருந்தார்கள்.

இந்த மறுப்புக்கு என் விடை என்ன? அவர்கள் சொன்னது சரி என்பதே என் விடை. அது என் வாதத்தை வீழ்த்தவில்லை, பலப்படுத்துகிறது. நமக்கு வேண்டியது மலிவான காத்திருப்பு. அதை எந்த எழுத்து நடையில் பெறுகிறோம் என்பது இரண்டாவது விஷயம். அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2012-இல் சி ஷார்ப், 2015-இல் பைத்தான், 2017-இல் ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒவ்வொரு மொழியாக ஏசிங்க், அவெயிட் என்ற இரண்டு சொற்களை ஏற்றுக்கொண்டன. நிரல் மறுபடியும் மேலிருந்து கீழாகப் படிக்கக் கிடைத்தது. துண்டு துண்டாக வெட்டித் தைக்கும் வேலையை மொழியே ஏற்றது. 2023-இல் வந்த ஜாவா 21 ஒரு படி மேலே போய், விர்ச்சுவல் த்ரெட் என்ற பெயரில் பழைய நடையையே திருப்பிக் கொடுத்தது. எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவான எர்லாங் மொழி இதை வெகுகாலமாகவே செய்துவந்தது. அந்த எர்லாங்கையும் ஃப்ரீபிஎஸ்டியையும் வைத்துத்தான், ஒரே சர்வரில் இருபது லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக வாட்ஸப் 2012-இல் அறிவித்தது. மேலே எழுதுவது எந்த நடையானாலும், அடியில் கேக்யூ, ஈபோல் போன்றவைதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஈவென்ட் லூப் தோற்கவில்லை. தரைக்கு அடியில் அஸ்திவாரமாகிவிட்டது. நிரலாளர் தலையில் ஏறிய விலை, மொழியின் தலைக்கும் ரன்டைமின் தலைக்கும் மாறியது.

இரண்டாவது மறுப்பு இது. காத்திருப்பு மலிவாயிற்று, ஆனால் வேலை? ஒரு கோரிக்கைக்கு 200 மில்லி வினாடி கடுமையான கணக்கு தேவைப்படுகிறது என்று வையுங்கள். லூப் ஒன்றுதான் இருக்கிறது. அந்த 200 மில்லி வினாடியும் அந்த லூப்பை நம்பியிருக்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். தறிக்காரர் ஒரு தறியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்! இது கற்பனையான அச்சம் அல்ல. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் பாதுகாப்பு விதிகளில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனைச் சேர்த்தது. அது பொருத்தம் தேடி முன்னும் பின்னும் அலைந்து பிராசஸரை விழுங்கும்படி எழுதப்பட்டிருந்தது. உலகெங்கும் இருந்த அதன் சர்வர்களின் பிராசஸர்கள் திணறின. 27 நிமிடம் எண்ணற்ற தளங்கள் பிழைச் செய்தியைக் காட்டின. எத்தனை ஆயிரம் இணைப்புகளை மலிவாகத் தாங்கும் சர்வராக இருந்தாலும், பிராசஸரை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரே ஒரு வரி அதை மண்டியிட வைக்கும். ஆகவே விதி தெளிவு. காத்திருப்பை லூப்பிடம் கொடு. கணக்கை வேறிடத்துக்கு அனுப்பு. படத்தைச் சுருக்குவதா, பெரிய கோப்பைக் குறியாக்குவதா? தனி த்ரெட்டுக்கோ தனி பிராசஸுக்கோ போகட்டும். அங்கேயும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நோட்.ஜேஎஸ்ஸின் அடியில் இருக்கும் லிப்யூவி, கோப்பு வேலைகளையும் இணையப் பெயர்த் தேடலின் ஒரு வகையையும் தன் த்ரெட் தொகுப்பிடம் கொடுக்கிறது. அந்தத் தொகுப்பில் இயல்பாக இருப்பவை எத்தனை? நான்கே நான்கு! நான்கும் மெதுவான வேலைகளில் மாட்டினால், லூப் வெறுமையாக இருந்தும் பயனர் காத்துக் கிடப்பார்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் எல்லாவற்றிலும் கனமானதாக எண்ணுகிறேன். ஏனென்றால் அது இந்த முறையின் தோல்வியிலிருந்து வரவில்லை, வெற்றியிலிருந்தே வருகிறது. காத்திருப்பு விலையுயர்ந்ததாக இருந்தபோது அது ஒரு வாயிற்காவலாகவும் இருந்தது. த்ரெட்டுகள் இருநூறு என்றால் இருநூறு பேருக்கு மேல் உள்ளே போக முடியாது. மலிவானதும் கதவு அகலத் திறந்துவிட்டது. 1961-இல் ஜான் லிட்டில் நிறுவிய ஒரு விதி இருக்கிறது. உள்ளே இருப்போர் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. வினாடிக்கு 1000 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 0.2 வினாடி தங்கினால் உள்ளே 200 பேர். டேட்டாபேஸ் திணறி, தங்கும் நேரம் 5 வினாடி ஆனால்? உள்ளே 5000 பேர்! நம் ஈவென்ட் லூப் சிரித்த முகத்தோடு அந்த 5000 பேரையும் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டு, அத்தனை கேள்விகளையும் ஏற்கெனவே மூச்சுத் திணறும் டேட்டாபேஸின் மேல் தள்ளும். தள்ளத் தள்ள டேட்டாபேஸ் இன்னும் மெதுவாகும்; மெதுவாக மெதுவாக உள்ளே இருப்போர் பெருகுவார்கள். இப்போது விலை யார் தலையில்? பாவம், டேட்டாபேஸின் தலையில். அதன் வழியாகப் பயனரின் தலையில்.

ரயிலுக்குத் தட்கல் எடுத்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்பு, 11 மணிக்கு மற்ற வகுப்புகள். அந்த நொடியில் நாடே கதவைத் தட்டுகிறது. வாசலில் எத்தனை லட்சம் இணைப்புகளை மலிவாக நிறுத்திவைத்தாலும் ரயிலில் ஒரு படுக்கை கூடுமா? கூடாது. மலிவான காத்திருப்பு கொள்ளளவை உண்டாக்காது. ஆகவே தொலைந்த வாயிற்காவலை நாமே திரும்ப நிறுத்த வேண்டும். டேட்டாபேஸுக்கு ஒரே நேரத்தில் இத்தனை கேள்விகள்தான் என்று வரம்பு வை. ஒவ்வொரு காத்திருப்புக்கும் காலக்கெடு வை. வாங்குபவர் மெதுவாக வாங்கினால் அனுப்புபவரையும் மெதுவாக்கு. வரம்பு தாண்டினால், தயங்காமல் 503 என்று சொல்லித் திருப்பி அனுப்பு. திருப்பி அனுப்புவது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். வராத பதிலுக்காக ஒருவரை முப்பது வினாடி நிறுத்திவைப்பதா மரியாதை? உடனே இல்லை என்று சொல்வதே மரியாதை.

இவ்வளவையும் கேட்டபின், "கணினி இன்று மலிவுதானே, இன்னும் நாலு சர்வர் வாங்கிவிட்டால் ஆகாதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐம்பது பேர் பயன்படுத்தும் அலுவலகத் தளத்துக்கு, இணைப்புக்கு ஒரு த்ரெட் என்ற பழைய முறை இன்றும் தாராளமாகப் போதும். அங்கே ஏசிங்க் எழுதுவது நாகரிகத்துக்காகச் சுமை தூக்குவது. கணக்கே முழுவேலையாக இருக்கும் இடத்திலும் அது உதவாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து வெளிச்சேவைகளைக் கூப்பிடும் தளம், மணிக்கணக்கில் இணைப்பைத் திறந்துவைக்கும் அரட்டைச் செயலி, மெதுவான அலைவரிசையில் இருக்கும் லட்சம் கைபேசிகள் என்று வரும்போது, நாலு சர்வர் என்பது நாற்பதாகும், நானூறாகும். வேலைக்காக வாங்கும் சர்வர் முதலீடு. காத்திருப்புக்காக வாங்கும் சர்வர் வெறும் வாடகை.

ஆகவே, மாணவ நண்பர்களே, நாளை உங்கள் குழுவில் ஒருவர் எழுந்து, இதை ஏசிங்க்கில் எழுதிவிடுவோம், வேகமாக ஓடும் என்று சொல்வார். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சர்வர் தன் நேரத்தில் எவ்வளவு காத்திருக்கிறது, எவ்வளவு கணக்குப் போடுகிறது? அளந்து சொல்லச் சொல்லுங்கள், ஊகத்தை ஏற்காதீர்கள். லூப்பைப் பிடித்துவைக்கும் வரி எங்கேனும் ஒளிந்திருக்கிறதா? தேடிக் காட்டச் சொல்லுங்கள். காத்திருப்பு மலிவானபின் கூட்டம் எங்கே போய் முட்டும், அங்கே என்ன வரம்பு வைத்திருக்கிறோம்? எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றுக்கும் விடை இருந்தால் துணிந்து எழுதுங்கள். விடை இல்லையென்றால் எந்த மொழியும், எந்த நூலகமும், எந்தப் புதுப் பெயரும் உங்களைக் காப்பாற்றாது. விலையை யாராவது கொடுத்தே தீர வேண்டும்; அது யார் என்பதைச் சர்வர் விழுந்த இரவில் கண்டுபிடிக்காமல், நிரல் எழுதும் பகலிலேயே முடிவு செய்யுங்கள்.